நூற்றறுபதிலேயே நின்ற தம்பி

கிளினிக்கில் இருந்த எடைக்கருவி தம்பியின் எடையைச் சொல்ல மறுத்துவிட்டது. அவன் ஏறி நின்றதும் எண்கள் கிடுகிடுவென்று ஓடின. நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தெட்டு, நூற்று ஐம்பது. அதற்குமேல் எண் வரவில்லை. வெறும் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது.

"இறங்கி இன்னொரு வாட்டி ஏறுங்க" என்றாள் நர்ஸ்.

மறுபடியும் அதே கோடுதான்.

"இது நூத்தம்பது வரைக்கும்தான் காட்டும்" என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் வராந்தாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி மெதுவாக இறங்கி, கருவியைக் குனிந்து பார்க்க முயன்றான். வயிறு மறைத்தது.

"ஒடச்சிட்டேனா சிஸ்டர்? மேல போட்டிருக்கிற ரப்பர் கிழிஞ்சிருந்தா சொல்லுங்க, நானே தச்சுத் தந்துடறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பக்கத்தில் கைப்பையோடு நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எடை என்பது அவளுடைய தொழில். எத்தனை டன் இரும்பு வந்தாலும் எண்ணைச் சொல்லும் கருவியோடு பத்தொன்பது வருடமாகப் பழகியவள். ஒரு மனிதனுக்கு எண் இல்லாமல் போகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

தம்பி லாரி இருக்கைகள் தைக்கிறவன். பழைய இருக்கையைப் பிரித்து, நைந்துபோன பஞ்சை எறிந்து, புதிய நுரைப்பஞ்சை வெட்டி வைத்து, மேலே தடித்த ரெக்சினை இழுத்துத் தைப்பது அவன் வேலை. ஓட்டுநரின் முதுகைக் கையால் தடவிப் பார்த்து, எந்த இடத்தில் பஞ்சு ஏற வேண்டும் என்று சொல்லிவிடுவான். அவன் தைத்த இருக்கையில் உட்கார்ந்து ஆயிரம் மைல் போய் வந்தவர்கள், இடுப்பு வலி என்ற சொல்லையே மறந்துவிட்டதாகச் சொல்வார்கள். இதை அக்காவிடம் யாராவது சொன்னால் அவளுக்கு அன்று முழுக்கச் சாப்பாடே வேண்டாம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அம்மா அப்பா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். தம்பியின் பெயரை யாரும் சொல்வதில்லை. தொழிலுக்கும் உடம்புக்கும் சேர்த்து ஓட்டுநர்கள் வைத்த பெயர் மெத்தை. வேலை முடிந்து போகும் ஒவ்வொருவரும் மெத்தைக்கு ஏதாவது தின்ன வாங்கி வைத்துவிட்டுப் போவார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன். உட்கார்ந்த இடத்தில் வேலை, உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு. இப்படியே பதினைந்து வருடம்.

கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொன்னது அவன் மனைவிதான். "அண்ணி, குறட்டை விட்டா பரவால்ல. நடுவுல நின்னுடுது. குறட்டையும் நிக்குது, மூச்சும் நிக்குது. நான் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டு கெடக்கறேன்" என்று ஒருநாள் காலையில் வந்து அழுதாள். அக்கா அதிர்ந்துபோனாள். மறுநாளே கூட்டிவந்துவிட்டாள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. ரத்த அழுத்தமும் அப்படியே. சர்க்கரைக்கு இரண்டு, அழுத்தத்துக்கு இரண்டு என்று நான்கு மாத்திரை எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:

"மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். சாப்பாட்டக் கொறைக்கணும். தட்டுல பாதி காய், கால்வாசி பயறோ முட்டையோ, கால்வாசிதான் சோறு. இனிப்பு, எண்ணெயில பொரிச்சது, குளிர்பானம் எல்லாத்துக்கும் கும்பிடு. எடையை வெளில எங்கயாவது பாத்து எழுதிட்டு வாங்க. பத்து கிலோ கொறஞ்சதும் கட்டாயம் எங்கிட்ட வரணும். மாத்திரையக் கொறைக்க வேண்டியிருக்கும். மறந்துடாதீங்க."

அக்கா இதை அப்படியே நோட்டில் எழுதினாள். 'பத்து கிலோ குறைந்ததும்' என்பதன் கீழ் அடிமட்டம் வைத்து இரண்டு கோடு போட்டாள்.

வெளியே எங்கே பார்ப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. தம்பியின் கடைக்கு எதிர்ச் சாரியில் இருக்கிறது லாரிகள் எடை போடும் எடைமேடை. அதில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எடைச்சீட்டு எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். சீட்டம்மா என்றால் அந்தச் சாலையில் தெரியாத ஆள் கிடையாது. தினமும் காலையில் மேடையைப் பெருக்கி, இடுக்கில் மாட்டிய கல்லைக் கம்பியால் எடுத்து, எண்பலகை சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் வண்டியை ஏறவிடுவாள். "சீட்டுல ஏதோ தப்பும்மா" என்று எவனாவது சொன்னால் போதும், அவனைக் கண்ணாலேயே சுட்டுவிடுவாள். "என் மேடை பொய் சொல்லாது. உன் வண்டிதான் சொல்லும்."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வண்டி இல்லாத நேரம் பார்த்துத் தம்பியை மேடை நடுவில் நிற்கவைத்தாள். அறுபது டன் தாங்கும் இரும்புத் தகடு. அதன்மேல் அவன் முதல் முறையாகச் சின்னப்பையனைப் போலத் தெரிந்தான். எண்பலகையில் சிவப்பாக வந்து நின்றது: 160.

செங்கல் ஏற்றி வந்து வரிசையில் காத்திருந்த ஓட்டுநர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். "சீட்டம்மா, சரக்கோட எடையா, வெறும் வண்டி எடையா?"

"வாயை மூடிட்டு இருங்கண்ணே."

"இல்ல, இறக்கிட்டு ஒருவாட்டி போட்டாத்தான நிகர எடை தெரியும்?"

மேடையில் நின்ற தம்பிதான் அதிகமாகச் சிரித்தான். "வண்டி நம்பர் போடாம சீட்டு வராதே, என்ன போடப்போற?" என்று கேட்டான். 'மெத்தை' என்று போடச் சொன்னார் செங்கல்காரர். அக்கா 'தம்பி' என்று போட்டாள். சீட்டு வந்தது. அவள் அதை இன்னொரு முறை படித்தாள். சிமெண்ட் மூட்டை ஒன்று ஐம்பது கிலோ. மூன்று மூட்டைக்கு மேலேயும் பத்து கிலோ. இத்தனையையும் அவன் முழங்கால்கள் நாளெல்லாம் சுமக்கின்றன.

அன்றிலிருந்து அக்கா மும்முரமாக இறங்கினாள். விடியற்காலையில் எழுந்து தம்பிக்குத் தனியாகச் சமைத்தாள். சோற்றை ஒரே கிண்ணத்தால் அளந்தாள், அதுவும் தலைதட்டி. வாரத்துக்கு ஏழு கட்டம் உள்ள மாத்திரை டப்பா வாங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் நிரப்பினாள். காலை எட்டரைக்குச் சாலையைக் கடந்துபோய், அவன் மாத்திரையை விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நிற்பாள். ஓட்டுநர்களிடம் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டாள்: "மெத்தைக்கு யாராவது தீனி வாங்கிக் குடுத்தீங்க, அவங்க வண்டிக்கு நான் சீட்டுக் குடுக்க மாட்டேன்."

தம்பியும் பிடிவாதமாகத்தான் இருந்தான். முதல் வாரம் தலைவலியும் எரிச்சலும். நூல் அறுந்ததற்கெல்லாம் தையல் இயந்திரத்தைத் திட்டினான். இரண்டாவது மாதத்தில் முகம் தெளிந்தது. மூன்றாவது மாதத்தில் மனைவி வந்து, "அண்ணி, இப்பல்லாம் குறட்டையே இல்ல. நான் மூக்குகிட்ட கையை வச்சுப் பாத்துட்டுத் தூங்கறேன்" என்றாள். செருப்பு வாரைக் குனிந்து தானே மாட்டிக்கொண்டதை ஒருநாள் அவன் கடைவாசலில் எல்லாருக்கும் செய்து காட்டினான்.

ஆனால் சனிக்கிழமை மேடையில் ஏறினால் நூற்றறுபது. அடுத்த சனிக்கிழமையும் நூற்றறுபது. அதற்கடுத்ததும் அதேதான்.

அக்காவுக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு சந்தேகம் வந்தது. சந்தேகம் கோபமாக மாறியது. தான் அளந்து போடும் சோற்றுக்கு எடை குறையாமல் இருக்க வழியே இல்லை. அப்படியானால் வேறு எங்கோ போகிறது. ஒரு நாள் அவன் வெளியே போயிருந்தபோது கடைக்குள் புகுந்து நுரைப்பஞ்சு அடுக்குகளுக்கு இடையில் கைவிட்டுத் தேடினாள். ரெக்சின் சுருள்களைப் புரட்டினாள். ஒரு பிஸ்கட் துகள்கூடக் கிடைக்கவில்லை. கிடைக்காததால் கோபம் இன்னும் ஏறியது.

"எங்கடா ஒளிச்சு வச்சுத் திங்கற?" என்று அடுத்த சனிக்கிழமை மேடையிலேயே நிற்கவைத்துக் கேட்டாள்.

"எங்கயும் இல்லக்கா."

"அப்ப இது என்ன? காத்தக் குடிச்சா நூத்தறுபது?"

"எனக்கே புரியலக்கா. பேன்ட்டு இடுப்புல நிக்க மாட்டேங்குது. ரெண்டு வாட்டி புடிச்சுத் தச்சுட்டேன்."

"துவைச்சுத் துவைச்சுத் துணி தளந்திருக்கும். துணி தளந்ததுக்கு எங்கிட்ட கணக்குச் சொல்றியா? மேடை பொய் சொல்லாதுடா. இங்க யாரு பொய் சொல்றா, அதைச் சொல்லு."

அவன் தன் காலடியில் இருந்த இரும்புத் தகட்டையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இறங்கிச் சாலையைக் கடந்து போய்விட்டான்.

மனைவியும் ஒருமுறை கெஞ்சிப் பார்த்தாள். "அண்ணி, சத்தியமா அவரு வீட்டுல எதுவும் தொடறதில்ல. கையெல்லாம் இப்ப நடுங்குது. காலைல பத்து மணிக்கு மேல வேர்த்துக் கொட்டுதாம். ஒரு வாட்டி டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போலாமா?"

"பத்து கிலோ கொறஞ்சா வரச் சொன்னாங்க. ஒரு கிலோகூடக் கொறையாமப் போயி எந்த முகத்த வச்சுட்டு நிக்கறது? தீனி கெடைக்காத ஏக்கத்துல வர்ற நடுக்கம் அது, தன்னால சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இரண்டாம் மாதம் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் பார்த்தபோது சர்க்கரை அளவோடு இருந்தது. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று அவளுக்குத் திருப்தி. அதனால் ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது என்று இன்னும் கண்டிப்பாக இருந்தாள்.

ஐந்தாவது மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணி.

செங்கல்காரர் தன் வண்டியை இருக்கை மாற்றக் கொண்டுவந்திருந்தார். வழக்கமாக இருக்கையைக் கழற்றி இறக்கிக் கொடுத்தால்தான் தம்பி தைப்பான். லாரியின் ஓட்டுநர் அறைக்குள் ஏறி ஆறு வருடமாகிறது. அன்று அவன் கைப்பிடியைப் பிடித்து, ஒரே மூச்சில் படியில் காலை வைத்து ஏறிவிட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கையிலிருந்த பேனா நின்றது. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். "மெத்தை மேல ஏறிடுச்சுடோய்!" என்று யாரோ கத்தினார்கள். மேலேயிருந்து அவன் அக்கா பக்கம் திரும்பிக் கையை ஆட்டினான்.

நூற்றறுபது கிலோ எப்படி இப்படி ஏறும் என்று அவளுக்குள் ஒரு கேள்வி எழும்பியது. அடுத்த வண்டி மேடையில் ஏறி ஒலிப்பானை அடித்ததால் அந்தக் கேள்வி அப்படியே விழுந்துவிட்டது.

சீட்டைக் கொடுத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, லாரியின் திறந்த கதவு வழியாக ஒரு கை மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் சாலையை எப்படிக் கடந்தாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. தம்பி இருக்கைக்கும் கியர்த் தண்டுக்கும் நடுவில் சரிந்து கிடந்தான். சட்டை மழையில் நனைந்தது போல ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. "நூல... நூல அறு..." என்று நாக்குக் குழறச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நெஞ்சு வலியா? டேய், நெஞ்சா? இங்க பாரு! அக்காடா!"

செங்கல்காரர் ஒரு தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்தார். "சீட்டம்மா, தள்ளுங்க. இது எனக்கும் வரும். சர்க்கரை எறங்கிப்போச்சு. இனிப்பா ரெண்டு மடக்கு உள்ள போனா எந்திரிச்சுடுவான்."

"சர்க்கரை நோய்க்காரனுக்கு சர்க்கரைத் தண்ணியா? கொல்லப் பாக்கறீங்களா?" அக்கா கோப்பையைத் தட்டிவிட்டாள். சூடான தேநீர் லாரிப் படியில் சிதறி வழிந்தது. அவர் திகைத்துப்போய் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தபின் இன்னொரு கோப்பை கொண்டுவர யாருக்கும் துணிவு வரவில்லை.

அதே லாரியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் அவன் பேச்சும் நின்றுவிட்டது. மடியில் கிடந்த தலையைப் பிடித்தபடி அக்கா, அவன் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டே போனாள். ஒன்று. இரண்டு. மூன்று.

அவசரப் பிரிவில் விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் எண்ணைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "சர்க்கரை வெறும் முப்பத்தி நாலு! குளுக்கோஸ் எடுங்க, சீக்கிரம்!" கண்ணெதிரில் அந்த நீர் ஊசி வழியாக நரம்பில் ஏறியது. சில நிமிடம்தான். தம்பி இமையை அசைத்தான், உதட்டை நக்கினான், பிறகு சுற்றிலும் பார்த்து, "வண்டிய யாரு இங்க நிறுத்தினா?" என்றான்.

அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தட்டிவிட்ட கோப்பையில் இருந்த சர்க்கரையைத்தான் அவனுக்கு இப்போது ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள்.

மத்தியானம் அந்த டாக்டர் வார்டுக்கு வந்தார். தம்பி உறங்கிக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு மறுபக்கம் அவன் மனைவி. அக்கா கைப்பையிலிருந்து நோட்டு, மாத்திரை டப்பா, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தாள்.

"ஒரு வேளைகூடத் தப்பலங்க. நானே கிட்ட நின்னு போடவைப்பேன்."

"அதாம்மா எனக்குப் புரியல" என்றார் அவர். "சர்க்கரை எறங்கிப்போச்சு, ரத்த அழுத்தமும் அடியில கெடக்குது. நாலு மாத்திரையும் முழு வேகத்துல. அஞ்சு மாசமா இவரு நல்லா சாப்பாட்டக் கட்டுப்படுத்தியிருக்காரு, எடை கொறஞ்சிருக்கு. எடை கொறைஞ்சா உடம்பு தானே சர்க்கரைய சமாளிக்க ஆரம்பிக்கும், அழுத்தமும் எறங்கும். அப்ப மாத்திரையக் கொறைக்கணும். இல்லன்னா நல்லாயிருக்கற உடம்ப மாத்திரையே கீழ தள்ளிடும். உங்க டாக்டர் இதைச் சொல்லலயா?"

"சொன்னாங்க. பத்து கிலோ கொறஞ்சதும் வரச் சொன்னாங்க. கொறையலைங்களே."

"கொறையலயா?" அவர் மருத்துவக் குறிப்புத் தாள்களைப் புரட்டினார். "சக்கர நாற்காலியோட நிறுத்துப் பாக்கற கருவில இப்பத்தான் பாத்தாங்க. நூத்தி அம்பத்தொண்ணு."

"இருக்காதுங்க. சனிக்கிழமதான் பாத்தேன். நூத்தறுபது." கைப்பையின் உள்ளறையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட சீட்டுக்கட்டை எடுத்துக் கொடுத்தாள். இருபத்தொரு சீட்டு. டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். வண்டி எண்: தம்பி. எடை: 160. வண்டி எண்: தம்பி. எடை: 160. அவர் புருவம் நெரிந்தது.

"இது எங்கம்மா எடுத்தது?"

"எங்க எடைமேடைலங்க. வருசா வருசம் ஆள் வந்து சோதிச்சு முத்திரை வச்சுட்டுப் போவாங்க. துல்லியமா இருக்கும்."

"லாரி எடைபோடற மேடையா?" அவர் சீட்டை மேசையில் வைத்தார். "அது நூத்தி அம்பத்தஞ்சு, நூத்தி அம்பத்தேழுன்னெல்லாம் காட்டுமா?"

"காட்டாதுங்க. அது இருபது இருபதாத்தான் போகும். நூத்தி நாப்பது, நூத்தி அறுபது, நூத்தி எம்..."

சொல் பாதியில் நின்றது.

பத்தொன்பது வருடமாக அவளுக்குத் தெரிந்த விஷயம் அது. எண்பலகையின் கீழே பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கும், அவளே துணியால் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பாள்: ஒரு படி இருபது கிலோ, நானூறு கிலோவுக்குக் குறைந்த எதையும் இதில் எடை போடக் கூடாது. முப்பது டன் செங்கலுக்கு இருபது கிலோ யாருக்குத் தெரியப்போகிறது? லாரிக்குத் தெரியாது. தம்பிக்கு அந்த இருபது கிலோதான் எல்லாமே. நூற்று ஐம்பதைத் தாண்டினால் மேடைக்கு நூற்றறுபது. நூற்று எழுபதைத் தொடாதவரை நூற்றறுபதுதான். முதல் நாள் அவன் நூற்று அறுபத்தொன்பதாகக்கூட இருந்திருக்கலாம். அதிலிருந்து பதினெட்டு கிலோவைக் கரைத்துவிட்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து நின்றவனிடம்தான் அவள், எங்கே ஒளித்துத் தின்கிறாய் என்று கேட்டிருக்கிறாள்.

"எத்தன கிலோவோ நமக்குத் தெரியாது" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். "நெறையக் கொறஞ்சிருக்குன்னு அவர் ரத்தம் சொல்லுது. நல்ல சேதிதாம்மா அது. ஈரல், இதயம் எல்லாமே தேறியிருக்கு. மாத்திரை எதை நிறுத்தறது, எதைக் கொறைக்கறதுன்னு நான் எழுதித் தர்றேன். ஆனா அந்த மாத்திரையோட வேகம் இன்னும் உடம்புல இருக்கு. ரெண்டு நாள் இங்கயே இருக்கணும்."

எழுதிக்கொள்ளலாம் என்று அக்கா நோட்டைத் திறந்தாள். பேனா ஓடவில்லை. தம்பி மனைவிதான் அதை வாங்கி எழுதினாள். "வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துட்டு வர்றேன் அண்ணி" என்று கிளம்பும்போதும் அவள் ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் தம்பி விழித்தான். தலையணையில் சாய்ந்துகொண்டு அறையின் இருக்கைகளைப் பார்த்தான். "பஞ்சு மட்டமான பஞ்சுக்கா. ஒரு வருசம் தாங்காது."

"டேய்" என்றாள் அக்கா.  கனைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். "தப்பு என்னுதுடா. மேடை இருபது இருபதாத்தான் காட்டும். நீ கொறஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்க. பதினெட்டு கிலோகூட இருக்கலாம். எனக்குத்தான் புத்தியில உறைக்கல."

 திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். கேலி செய்வான் என்றும் நினைத்தாள். அவன் கேட்டது வேறு.

"அப்போ நான் திங்கலயாக்கா?"

"என்னடா கேக்கற?"

"இல்ல, நிஜமாவே நான் எதுவும் திங்கலயா?"

அவளுக்கு விளங்கவில்லை. அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "உன் மேடை பொய் சொல்லாது. நீயும் சொல்ல மாட்ட. அப்ப நான்தான? ஆனா எனக்கு நெனவுல எதுவும் தின்ன மாதிரி இல்ல. தூக்கத்துல எந்திரிச்சுப் போயித் திங்கறேனோன்னு நெனச்சேன். அப்படிச் சில பேரு உண்டாம், ஒரு டிரைவர் சொன்னாரு. அதான்..."

"அதான்?"

"ஒண்ணுமில்ல."

"சொல்றா."

"லாரி சீட்டுக்கு அடியில இழுத்துக் கட்டுவோமே, நாடா. அதை எடுத்து ராத்திரி கால கட்டில்ல கட்டிக்கிட்டேன். அவகிட்ட நரம்பு இழுக்குதுன்னு சொல்லிட்டேன். மூணு வாரமா. அப்பவும் நூத்தறுபது. சரி, இன்னும் கொறைப்போம்னு நீ குடுத்து விடற சாப்பாட்டு டப்பால பாதியக் கடவாசல் நாய்க்குப் போட்டேன். நாலு நாளா முக்காவாசியும் நாய்க்குத்தான்."

அக்கா எழுந்து கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். போர்வையை விலக்கினாள். இடது கணுக்காலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் கன்றிக் கறுத்திருந்தது. ஓரத்தில் நாடாவின் நெசவுகூடப் பதிந்திருந்தது. சோற்றை அளந்தவள், மாத்திரையை எண்ணியவள், வாயைத் திறந்து காட்டச் சொன்னவள். இந்தக் காலை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்தத் தழும்பின்மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்க முடியவில்லை.

"விடுக்கா. பெரியவ, என் காலப் புடிச்சுட்டு... யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"நெனைச்சுக்கட்டும்."

திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் வந்தாள். மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும் என்று அவன் விரலில் குத்தி, சின்னக் கருவியை நீட்டிப் பிடித்தாள். "நூத்திப் பன்னெண்டு. நல்லா இருக்கு. ஆனாலும் அசதி, படபடப்பு எதுனா இருந்தா உடனே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தம்பி அந்த எண்ணைக் கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்தான். சரியா தப்பா என்று அவள் சொல்வாள் என்று காத்திருக்கும் பார்வை. சிறுவயதிலிருந்தே அப்படித்தான்.

"எனக்குத் தெரியாதுடா" என்றாள் அக்கா. "உனக்கு எப்படி இருக்கு? அதச் சொல்லு. நீ சொல்றதுதான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். அவசரப்படவில்லை. இத்தனை மாதத்தில் யாரும் அவனிடம் கேட்காத கேள்வி அது.

"நடுக்கம் இல்ல. தல கொஞ்சம் பாரமா இருக்கு." பிறகு கண்ணைத் திறந்து, தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று தயங்கியபடி சொன்னான். "பசிக்குதுக்கா."

அக்கா அவன் காலைப் போர்வைக்குள் வைத்துவிட்டு, என்ன கொடுக்கலாம் என்று கேட்க நர்ஸைத் தேடி வராந்தாவில் ஓடினாள்.